ஓக் மரத்தின் மகரந்தம்: மரத்துக்கு மரம் ஏன் இந்த வேறுபாடு?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அன்றொரு நாள் பழைய கிரிக்கெட் பந்து ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சிவப்புத் தோல் ஒரு பக்கம், சுற்றியிருந்த நூல் ஒரு பக்கம், நடுவில் இருந்த தக்கை உருண்டை இன்னொரு பக்கம். அந்தத் தக்கை ஓக் மரத்தின் பட்டை. போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கத்துத் தக்கை ஓக் மரங்களிலிருந்து உரித்தெடுப்பது. 1665இல் ரொபர்ட் ஹூக் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் ‘கலம்’ என்று பெயரிட்டதும் இதே தக்கையின் சீவலைத்தான். கொழும்பில் இருக்கும் நமக்கு ஓக் மரத்தோடு உள்ள உறவு அநேகமாக இவ்வளவுதான். இலங்கையின் காடுகளில் இயற்கையாக ஓக் இனம் எதுவும் கிடையாது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக்கைச் சொல்லிவிடாதீர்கள். அது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த, முற்றிலும் வேறொரு குடும்பத்து மரம். அகராதிகள் ஓக்கைக் ‘கருவாலி’ என்கின்றன. வழக்கில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் நானும் ஓக் என்றே எழுதுகிறேன்.

என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி, ஓக் மரங்களின் மகரந்த உயிர்த்திறன் மரத்துக்கு மரம் வேறுபடுகிறது என்று எங்கோ வாசித்துவிட்டு வந்தாள். “ஒரே இனம், ஒரே காடு, ஒரே காற்று. பிறகு ஏன் சேர் வித்தியாசம்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தொடங்கிய பிறகுதான், ‘உயிர்த்திறன்’ என்ற சொல்லையே அவள் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. குற்றம் அவளுடையதல்ல. அந்தச் சொல்லுக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் மகரந்தமணி என்றால் என்ன என்று பார்ப்போம். விரலில் ஒட்டும்போது அது மஞ்சள் தூள். நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு மணியும் சுவர் கட்டி அடைத்த சிறு வீடு. ஓக் மகரந்தமணி மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் முப்பதுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். அதன் மேல் நீளவாக்கில் மூன்று பள்ளங்கள் ஓடும். காய்ந்திருக்கும்போது அந்தப் பள்ளங்கள் உள்ளே மடிந்து, மணி பார்ப்பதற்கு ஏலக்காய் போல இருக்கும். நீர் பட்டதும் பள்ளங்கள் விரிந்து உருண்டையாகிவிடும். வெளிச்சுவர் அசாத்தியக் கெட்டி. ஏரியடிச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் மக்காது. உள்ளே இரண்டு கலங்கள். ஒன்று மகரந்தக்குழாயை வளர்க்கும். மற்றது பிரிந்து இரண்டு ஆண் புணரிகளை, அதாவது விந்துக் கலங்களைத் தரும்.

பெண் பூவின் குறியில் போய் விழுந்து, நீரை உறிஞ்சி, குழாய் விட்டு, அந்தப் புணரிகளை, பின்னால் விதையாகப்போகும் சூல்வித்து வரை கொண்டுசேர்ப்பதுதான் மணியின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தக்க நிலையில் மணி இருப்பதையே உயிர்த்திறன் என்கிறோம். ஒரு மரத்தின் மகரந்த உயிர்த்திறன் 80 சதவீதம் என்றால், பார்த்த மணிகளில் நூற்றுக்கு எண்பது நல்ல நிலையில் இருந்தன என்று பொருள். மீதி இருபதும் வெறும் கோது. சுவர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது, அல்லது இருந்தது செத்திருக்கும். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. தட்டிப் பார்க்காமல் தேங்காய் வாங்குவது போலத்தான்.

எப்படித் தட்டிப் பார்ப்பது? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழி, அசெற்றோகார்மைன் சாயம். உள்ளே குழியவுருவும் கருவும் இருந்தால் மணி சிவக்கும். கோதாக இருந்தால் வெளிறிக் கிடக்கும். 1969இல் அலெக்சாண்டர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கலவைச் சாயம் இன்னும் தெளிவானது. சுவர் பச்சையாகும், உள்ளடக்கம் செங்கருநீலமாகும். ஆகவே வெறும் மணி பச்சை வளையமாகவும், நிறைந்த மணி பச்சைக் கரை போட்ட சிவப்பு உருண்டையாகவும் தெரியும். எண்ணுவதற்கு மிக வசதி. ஓக் ஆய்வுகளிலும் இந்த வகைச் சாயங்களைத்தான் நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

“அப்படியென்றால் சாயம் ஏறினால் உயிர் இருக்கிறது, அப்படித்தானே சேர்?”

அவளுக்கு வாயால் பதில் சொல்லாமல், வீட்டிலேயே செய்து காட்டினேன். ஓக் மகரந்தத்துக்கு எங்கே போவது? பல்கனியில் நிற்கும் நித்தியகல்யாணி போதும். யாழ்ப்பாணத்தில் பட்டிப்பூ என்பார்கள். அதன் பூக்குழாயைச் சவர அலகினால் நெடுக்காகக் கீறினால், வாய்ப் பக்கத்தில் ஐந்து மகரந்தக்கூடுகள் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பது தெரியும். ஊசி முனையால் தொட்டு மகரந்தத்தை எடுத்து இரண்டு பங்காகப் பிரித்தோம். ஒரு பங்கை அப்படியே வைத்துக்கொண்டோம். மற்றப் பங்கைக் கடதாசியில் மடித்து, சூடான தோசைக்கல்லின் மேல் சிறிது நேரம் வைத்தோம். (வீட்டில் இதற்கு அனுமதி வாங்கியது தனிக் கதை.) பிறகு இரண்டுக்கும் அசெற்றோகார்மைன் விட்டு, கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். இரண்டும் சிவந்தன. தோசைக்கல்லில் வெந்த மகரந்தமும் அழகாகச் சிவந்திருந்தது.

அடுத்து அதே இரண்டு பங்கையும் சீனிக் கரைசலில் விட்டோம். சாதாரணச் சீனி, நூற்றுக்குப் பத்து வீதம், அதில் ஒரு சிட்டிகை போரிக் அமிலம். கரம் பலகையில் காய் வழுக்கிச் செல்லத் தூவும் பௌடர் பெரும்பாலும் இதே போரிக் அமிலம்தான். ஆய்வுகூடத்தில் செய்பவர்கள் 1963இல் புருபேக்கர், குவாக் என்ற இருவர் வகுத்த கரைசலைப் பயன்படுத்துவார்கள். அதில் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் உப்புகளும் அளவோடு சேரும். எங்கள் சமையலறைக் கரைசலிலேயே ஒரு மணித்தியாலத்துக்குள் புதிய மகரந்தம் குழாய் விடத் தொடங்கிவிட்டது. மணியின் பக்கவாட்டில் கண்ணாடி இழை போல ஒன்று நீண்டுகொண்டே போகிறது. உள்ளே துகள்கள் ஓடுவது தெரிகிறது. தோசைக்கல் மகரந்தத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

சாயம் சொல்வது, மணிக்குள் சரக்கு ஒழுங்காக நிரம்பியிருக்கிறதா என்பதை. சரக்குக்கு இப்போது உயிர் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதைக் கேட்க வேண்டுமென்றால் முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும். அல்லது 1970இல் ஹெஸ்லொப்-ஹரிசன் தம்பதியர் அறிமுகப்படுத்திய ஒளிரும் சாய முறையை நாட வேண்டும். அந்தச் சாயம் மணிக்குள் போய், அங்கே நொதியம் வேலை செய்தால் உடைபடும்; கலமென்சவ்வு சேதமில்லாமல் இருந்தால் வெளியே கசியாமல் தங்கி, நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். நல்ல முறைதான், ஆனால் அதற்கான நுணுக்குக்காட்டியின் விலையைக் கேட்டால் நமக்கு உயிர்த்திறன் குறையும்.

ஆகவே ‘இந்த மரம் 90, அந்த மரம் 60’ என்று யாராவது சொன்னால் எந்தச் சோதனையில் என்று கேட்பதுதான் முதல் வேலை. ஒரே மரத்தின் ஒரே மகரந்தம் சாயத்தில் அதிக எண்ணும் முளைப்பில் குறைந்த எண்ணும் தருவது வெகு சாதாரணம்.

இனி மாணவியின் மூலக் கேள்வி. சோதனை ஒன்றே, கையும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மரத்துக்கு மரம் ஏன் வேறுபடுகிறது? எனக்கு மிகவும் சுவையாகப் படும் காரணம் பெற்றோர்.

ஓக் மரங்களுக்கு இன எல்லை என்பது வேலி மாதிரித்தான்; ஆடு தாண்டும். ஐரோப்பாவில் குவெர்கஸ் ரோபர், குவெர்கஸ் பெட்ரேயா என்று இரண்டு இனங்கள் அருகருகே வளர்கின்றன. முன்னதன் கொட்டை நீண்ட காம்பில் தொங்கும், இலைக்குக் காம்பு அநேகமாக இராது. பின்னது நேர்மாறு: இலைக்குக் காம்புண்டு, கொட்டை கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டும் கலந்து பிறக்கும் மரங்கள் காடுகளில் உண்டு. மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் இரண்டு இனத்துக்கும் 24 என்பதால் கலப்பு மரம் உயிரோடு நன்றாகவே வளரும். மகரந்தம் உண்டாக்கும் வேளையில்தான் தொல்லை. நிறமூர்த்தத் தொகையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவில் அந்த 24 நிறமூர்த்தங்களும் சோடி சேர்ந்து, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரிய வேண்டும். தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் சற்று வேறுபட்டிருந்தால் சோடி சரியாகப் பொருந்தாது. சில நிறமூர்த்தங்கள் பின்தங்கும், சில தவறான பக்கம் போகும். கணக்குத் தவறிய மணிகள் பாதியில் வாடி வெறும் கோதாகிவிடும்.

இதனால்தான் 1970களில் பிரிட்டனில் ஓக் தோப்புகளை ஆராய்ந்தவர்கள் இலையை அளந்ததோடு நிற்காமல் மகரந்தத்தையும் சாயமிட்டு எண்ணினார்கள். இலை வடிவம் இரண்டுங்கெட்டானாக இருக்கும் மரத்தில் மகரந்தமும் மோசமாக இருந்தால், கலப்பு என்ற சந்தேகம் வலுக்கும். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு அல்ல. மகரந்தம் கெடுவதற்குக் கலப்பு மட்டும் காரணமில்லை. கலப்பு மரங்கள் எல்லாவற்றுக்கும் மகரந்தம் கெட்டுப்போவதும் இல்லை. இலையையும் மகரந்தத்தையும் வைத்துச் சாதி பார்ப்பது பழைய முறை. இன்று மரபணுவையே ஒப்பிட்டுப் பார்க்கப் பரம்பரையலகுக் குறிகள் இருக்கின்றன.

இன்னும் அரிதான ஒரு நிலை உண்டு. சில ஓக் மரங்களில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதி, அதாவது 36 இருக்கும். மூன்றை இரண்டாகப் பங்கிட முடியாது. இதற்கு உதாரணம் தேட ஐரோப்பா போக வேண்டாம். வெள்ளவத்தை மார்க்கட்டில் தொங்கும் கதலிக் குலையும் கப்பல் குலையும் இதே மும்மடிக் கணக்குத்தான். வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரியுமே, அவை வித்தாக வளர முடியாமல் நின்றுபோன சூல்வித்துகளின் மிச்சம். அந்த வாழைகளின் மகரந்தமும் பெரும்பகுதி வீண்தான். வாழைக்குக் கவலையில்லை, பக்கக் கன்று இருக்கிறது. ஓக் மரம் கொட்டையை நம்பி வாழ்வது.

பெற்றோரில் குறையில்லாத மரங்களுக்குள்ளும் வேறுபாடு வரும். அதற்கு வானிலையைப் பார்க்க வேண்டும். ஓக் மரத்தின் ஆண் பூஞ்சரங்கள் வசந்தத்தில் குட்டை நூல்கள் போலக் கொத்தாகத் தொங்கும். ஆனால் அவற்றின் தொடக்கம் முந்தைய ஆண்டுக் கோடையிலேயே மொட்டுக்குள் நடந்துவிடும். மாரி முழுவதும் தூங்கிக் கிடந்து, வசந்தம் பிறக்கும் தறுவாயில் ஒடுக்கற்பிரிவு நடக்கும். அந்தச் சில நாட்கள் மிக மென்மையான காலம். அந்நேரம் பார்த்துக் கடுங்குளிர் அடித்தால் அந்த ஆண்டு மகரந்தத்தில் பெரும்பங்கு கெடலாம். இதில் விசேடம் என்னவென்றால், ஒரே தோப்பில் நிற்கும் இரண்டு ஓக் மரங்கள் ஒரே நாளில் மொட்டவிழ்வதில்லை. முந்தும் மரத்துக்கும் பிந்தும் மரத்துக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். முந்தியது பனியில் மாட்டிக்கொள்ளும், பிந்தியது தப்பிவிடும். மறு ஆண்டு குளிர் பிந்தி வந்தால் கதை தலைகீழ். ஆகவே ஓராண்டு எண்ணை வைத்து ஒரு மரத்தை மோசமென்று சொல்வது, ஒரு தவணைப் பரீட்சையை வைத்துப் பிள்ளையை மக்கு என்பது போல. ஆண்டுக்கு ஆண்டு குறைவாகவே இருந்தால்தான் மரத்தின் பிறப்பில் கோளாறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

மண், நீர், கிளைக்கு வெயில் படும் பக்கம் இவையும் கொஞ்சம் பங்கு கொள்ளும். அவற்றைக் கடந்துபோகிறேன்.

கடந்துபோக முடியாதது மகரந்தத்தைப் பறித்த பிறகு நடப்பது. மரத்தின் குற்றமென்று எழுதப்படும் பல எண்கள் உண்மையில் கடதாசி உறையின் குற்றம். ஓக் மகரந்தம் காற்றில் பறக்கப் பிறந்தது. உலர்ச்சியை ஓரளவு தாங்கும், நன்றாக உலர்த்திக் கடுங்குளிரில் வைத்தால் நீண்ட காலம் உயிர் காக்கும். ஈரக்காற்று அதற்கு நஞ்சு. கொழும்பில் அப்பளப் பைக்கற்றைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எங்கள் நித்தியகல்யாணி மகரந்தத்தில் ஒரு பகுதியை உறையில் போட்டு இரவு முழுவதும் சமையலறைத் தட்டில் வைத்திருந்தோம். காலையில் முளைத்தவை மிகச் சொற்பம். அலுமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போத்தலில் அடைத்து வைத்திருந்த பகுதி எவ்வளவோ மேல். காட்டில் காலையில் பறித்த மரத்தையும் மாலையில் பறித்த மரத்தையும் ஒப்பிட்டால், இரண்டு மரங்களை அல்ல, இரண்டு நேரங்களை ஒப்பிட்டதாகவும் முடியலாம்.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. நூறு மணி பார்த்து எண்பது சிவந்தது என்றால், அந்த மரத்தின் உண்மை அளவு அநேகமாக 72க்கும் 88க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்லலாம். ஐந்நூறு மணி எண்ணினால் அந்த இடைவெளி ஏறக்குறைய 76 முதல் 84 வரை சுருங்கும். நூறு நூறாக எண்ணிவிட்டு, ஒரு மரம் 80, அடுத்தது 75, ஆகவே முதல் மரம் சிறந்தது என்று எழுதுவது வீண் வேலை. அதிலும் ஐந்நூறையும் ஒரே பூஞ்சரத்திலிருந்து எடுத்தால் அது அந்தப் பூஞ்சரத்தின் எண், மரத்தின் எண் அல்ல. பல கிளைகளிலிருந்து எடுக்க வேண்டும். எண்ணும்போது எந்த மரம் என்று எண்ணுபவருக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. என் மாணவி தோசைக்கல் மகரந்தம் எது என்று தெரிந்த பிறகு, வெளிறிய மணிகளை அதிகமாகக் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இவ்வளவு பாடுபட்டு ஓர் எண்ணைப் பெற்றாலும், காட்டில் அதன் பெறுமதி என்ன? ஓக் மரம் பூச்சியை நம்பவில்லை, காற்றை நம்பியிருக்கிறது. காலிமுகத்திடலில் நூலறுந்த பட்டம் யார் கையில் விழும் என்று சொல்ல முடியாதது போலத்தான் அதன் மகரந்தமும். பிரான்ஸின் பெட்டிட் ஷார்னி காட்டில் ஓக் கொட்டைகளின் தந்தை யார் என்று மரபணு கொண்டு தேடியபோது, பாதிக்கு மேற்பட்ட கொட்டைகளுக்குத் தந்தை அவர்கள் வரையறுத்த பகுதிக்குள் இல்லை. தூரத்திலிருந்து காற்றில் வந்திருக்கிறது. அப்படி வரும் வழியில் வெயிலும் உலர்ச்சியும் தாக்கும்; புறப்பட்டவற்றில் ஒரு பகுதி போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். (செத்த மணிகளும் மூக்கில் ஏறினால் தும்மல் வரும் என்பதால், மகரந்த ஒவ்வாமைக்காரருக்கு உயிர்த்திறன் பற்றிய கவலையே இல்லை.)

போய்ச் சேர்ந்த மணிக்கும் நிம்மதி கிடையாது. ஓக்கின் பெண் பூ கடுகளவுதான். தலையில் பெரும்பாலும் மூன்று குறிகள், உள்ளே பெரும்பாலும் ஆறு சூல்வித்துகள். மகரந்தம் வந்து விழும் நாளில் அந்தச் சூல்வித்துகள் முதிர்ந்திருப்பதில்லை. குழாய், குறிக்குக் கீழுள்ள தம்பத்துக்குள் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிடும். வெள்ளை ஓக் கூட்டத்தில் கருக்கட்டலுக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். சிவப்பு ஓக் கூட்டத்தில் ஓராண்டுக்கு மேல், அடுத்த கோடை வரை. கடைசியில் ஆறில் ஒன்றுதான் வழக்கமாக விதையாகும், மற்றவை ஒதுங்கிவிடும். கண்ணாடித் தட்டில் ஒரு மணித்தியாலத்தில் முளைத்த மகரந்தத்தைப் பார்த்துக் கைதட்டும்போது இந்தக் காத்திருப்பு நினைவில் இருக்கட்டும்.

“அப்படியென்றால் மகரந்தம் மோசமான மரத்துக்குக் கொட்டையே வராதா?” என்று மாணவி கேட்டாள். வரும். ஓக் மரம் தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்பதில்லை. அதன் கொட்டைகளுக்கு எப்படியும் வேறு மரங்கள்தான் தந்தை. ஆகவே மகரந்தம் நூற்றுக்கு நாற்பதே நல்லதாக இருக்கும் ஒரு மரம், அயலில் நல்ல மரங்கள் நின்றால், அடுத்த மரத்துக்குச் சமமாகக் கொட்டை சொரியலாம். கலப்பு மரமென்றால் சூல்வித்துகளிலும் அதே ஒடுக்கற்பிரிவுக் கோளாறு கொஞ்சம் இருக்கும். ஆனால் ஆறில் ஒன்று பிழைத்தாலே அதற்குப் போதும். அது இழப்பது தந்தையாகும் வாய்ப்பை. வேறு ஓக் இல்லாத வெளியில் தனித்து நிற்கும் மரத்துக்கோ, தன் மகரந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தூரத்திலிருந்து யாருடைய மகரந்தம் உயிரோடு வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

அவள் குறிப்புப் புத்தகத்தில் ‘தோசைக்கல்’ என்று எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள். கீறிய நித்தியகல்யாணிப் பூக்கள் மேசையில் வாடிக் கிடந்தன. கண்ணாடித் தட்டில் குழாய்கள் இன்னும் நீண்டுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு நுனி வெடித்து, உள்ளிருந்ததைக் கரைசலில் கொட்டிவிட்டிருந்தன. சீனி குறைந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பதினைந்து வீதத்தில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.